ஜேன் ஷிப்ஸ்: அயலார் எழுதிய வரலாறு

மார்மன் சமய வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் நெடுங்காலம் இரண்டு அணிகளாகவே நின்றார்கள். மார்மன் நெறியை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை இறைத்தூதர் எனப் போற்றியவர்கள் ஒருபுறம். மோசடிக்காரர் எனத் தூற்றியவர்கள் மறுபுறம். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல மறுத்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜேன் ஷிப்ஸ், 2025 ஏப்ரலில் தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

அலபாமாவில் பிறந்த அவர் கடைசிவரை மெதடிஸ்ட் கிறிஸ்தவர். 1960இல் குடும்பத்தோடு யூட்டாவின் லோகன் நகரில் குடியேறியபோதுதான் மார்மன்களை அருகிலிருந்து அறிந்தார். பின்னர் இண்டியானாபொலிஸில் பேராசிரியரானார்.

1985இல் வெளியான அவருடைய நூல்தான் பெரிய திருப்பம். யூத மரபிலிருந்து கிறிஸ்தவம் பிறந்து தனிச் சமயமானதுபோல, கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த புதிய சமய மரபு மார்மன் நெறி என்றார். தங்களைக் கிறிஸ்தவர்களாகவே கருதும் மார்மன்கள் பலருக்கு இது உடன்பாடாக இருந்ததில்லை. ஆயினும் அவரை அவர்கள் அந்நியராக ஒதுக்கவில்லை. மார்மன் வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக வந்த முதல் பெண் அவர். மார்மன் அல்லாத முதல் தலைவரும் அவரே. இது இரு தரப்புக்கும் பெருமை என்றே நாம் கருதுகிறோம்.

அவருடைய உழைப்புக்குச் சான்றாக ஒன்றைச் சொன்னால் போதும். 1860 முதல் 1960 வரை அமெரிக்க இதழ்கள் மார்மன்களைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, வெறுப்பு எப்போது தணிந்தது, மதிப்பு எப்போது வளர்ந்தது என்று பொறுமையாக அளந்து காட்டினார். அவருக்கு நம் அஞ்சலி.