சுங்கம் ஏறுகிறது, கணக்கு எங்கே?

டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் செல்கையில், ஜங்ஷனைத் தாண்டியதும் ஜன்னலோரம் தாமிரபரணி தெரிகிறது. படித்துறையையும் பாறைமேல் நிற்கும் கொக்கையும் பார்த்து முடிப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிடுகிறோம். ஆற்றைக் கடந்ததற்கென்று நம்மிடம் யாரும் காசு கேட்பதில்லை. ஏன் தெரியுமா? நமக்காக ஒருவர் முன்னரே கொடுத்துவிட்டார்.

அந்நாளில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஓடமே வழி. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பாலம் கட்டக் குடிமக்களிடம் பணம் திரட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் செலவைத் தாமே ஏற்றார். ஏறத்தாழ அரை லட்சம் ரூபாயில் 1843-இல் பாலம் முடிந்தது. இலண்டன் மாநகரின் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து இதனை அமைத்தார்கள் என்பர். ஆனால் 1817-இல் திறந்த அந்தப் பாலத்தைக் கடக்க 1878 வரை மக்கள் சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. நெல்லைக்கு வாய்த்ததோ ஒரு கொடையாளியின் கை!

எனினும், பாலத்துக்குப் பாலம் ஒரு முதலியார் கிடைப்பாரா? கிடைத்தாலும் கொடை ஒருமுறை கட்டித்தரும், காலமெல்லாம் காத்துத்தருமா? 1869-ஆம் ஆண்டு வெள்ளத்தில் முதலியார் பாலமே பழுதுபட்டது. பழுது பார்க்கப் பணம் வேண்டும். சாலையில் ஓடும் வாகனம் அதற்கு ஒரு பங்கு தருவது முறையே. ஆகவே சுங்கமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆண்டுதோறும் அது ஏறும் விதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தோம்.

கன்னியாகுமரிச் சாலையில் நாங்குநேரிச் சுங்கச்சாவடியைப் பார்த்திருப்பீர்கள். இருசக்கர வாகனங்களுக்கு அங்கே கட்டணமில்லை. காருக்கும் வேனுக்கும் லாரிக்கும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அடிப்படைக் கட்டணத்தில் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டின் உயர்வில் 40 சதவீதமும் கூடும். 2024-இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்ததால் ஏப்ரல் முதல் நாள் வரவேண்டிய உயர்வு ஜூன் 3-க்குத் தள்ளிப்போயிற்றே தவிர, நின்றுவிடவில்லை. பாலமும் சுரங்கப்பாதையும் இருந்தால், அவற்றின் ஒரு கிலோமீட்டரைப் பத்துக் கிலோமீட்டராகக் கணக்கிட்டு வந்தார்கள். 2025 ஜூலையில்தான் இந்தக் கணக்கைத் தளர்த்தினார்கள்.

எங்களுள் ஒருத்தியின் தந்தை வாழைத்தார் ஏற்றும் சிறு லாரி ஓட்டுகிறார். முன்பு சாவடியில் சீட்டு வாங்குவார். தொகை கையில் இருக்கும். இப்போது ஃபாஸ்டேக் முறையில் பணம் தானாகவே கழிந்துவிடுகிறது. கைப்பேசியில் வரும் செய்தியை இரவில் மகள்தான் படித்துச் சொல்கிறாள். "இன்று எவ்வளவு போயிற்று?" என்ற கேள்விக்கு அவளால் விடை சொல்ல முடிகிறது. "இந்தச் சாலைக்கு இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும், அம்மா?" என்று அவர் கேட்டபோது அவளிடம் விடையில்லை. அவர் தரும் சுங்கம் லாரி வாடகையில் ஏறி, வாடகை தாரின் விலையில் ஏறி, முடிவில் நம் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேருகிறது. கார் இல்லாத வீடும் அதைக் கட்டுகிறது.

கணக்கு தெரியாவிட்டால் என்ன ஆகும்? தில்லியையும் நொய்டாவையும் யமுனைமேல் இணைக்கும் பாலச் சாலை 2001-இல் திறக்கப்பட்டது. செலவுக்குமேல் இலாபமும் எடுத்த பின்னரும் வசூல் தொடர இடம் தந்தது அதன் ஒப்பந்தம். குடியிருப்போர் வழக்காடினர். 2016-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெர்சி ஆற்றின் அடியில் 1934-இல் திறந்த சுரங்கச் சாலையிலோ, தொண்ணூறு ஆண்டு கடந்தும் கட்டணம் நிற்கவில்லை. தொடக்கம் எளிது, முடிவைத்தான் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது!

நாங்கள் கேட்பவை இரண்டே. ஒவ்வொரு சாவடியிலும், கட்டணப் பலகைக்கு அருகிலேயே, சாலைக்கு ஆன செலவு, இதுவரை வந்த தொகை, பராமரிப்புக்குப் போனது ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். கணக்கு இணையத்தில் இருந்தால் மட்டும் போதாது. வண்டியோட்டியின் கண்ணில் பட வேண்டும். அடுத்து, நாட்காட்டியைப் பார்த்துக் கட்டணத்தை ஏற்றாமல், சாலையைப் பார்த்து ஏற்றட்டும். குண்டும் குழியுமான பாதைக்குக் கூடுதல் கட்டணம் எந்த நியாயத்தில் சேரும்?

முதலாம் குலோத்துங்கனைச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று வரலாறு போற்றுகிறது. நம் திருச்சபை போற்றும் மத்தேயுவோ சுங்கச்சாவடியில் அமர்ந்திருந்தபோது அழைக்கப்பெற்றவர். தம்மிடம் வந்த வரி தண்டுவோரைத் திருமுழுக்கு யோவான் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. விதித்ததற்குமேல் வாங்காதீர்கள் என்றே அறிவுறுத்தினார். சுங்கத்தைத் தவிர்க்க இன்று எந்த அரசாலும் இயலாதிருக்கலாம். அளவோடு வாங்கிக் கணக்குக் காட்ட எந்த அரசாலும் இயலும்.

தோழியரே, பள்ளிச் சுற்றுலாவுக்கு நாம் தரும் பணத்திலும் ஒரு பங்கு சுங்கச்சாவடிக்குப் போகிறது. அடுத்த முறை வண்டி அங்கே நிற்கும்போது, பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அந்தப் பலகையைப் படியுங்கள். படித்தபின் கேள்வி கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் கணக்கு எழுதுபவர் கை நேராக ஓடும்.