3 அடி பலூன்: மலிவானதை வாங்கினால் உண்மையிலேயே மிச்சமா?

‘36 இன்ச் ஜம்போ பலூன்’ என்று ஷாப்பிங் ஆப்பில் தேடிப் பாருங்கள். ஒரே மாதிரி படம், ஒரே மாதிரி வர்ணனை, விலை மட்டும் கடைக்குக் கடை வேற வேற. ‘எப்படியும் உடையப் போறதுதானே, இதுல என்ன பிராண்டு’ என்று இருப்பதிலேயே மலிவானதை கார்ட்டில் போடுபவர்கள் நிறைய. சின்ன பலூனுக்கு அந்தக் கணக்கு சரிதான். 3 அடி பலூனுக்கு அது ஒத்துவராது.

காரணம், உள்ளே போகும் காற்று. வழக்கமான 11 இன்ச் பலூனுக்கு சுமார் 11 லிட்டர் போதும். 3 அடி உருண்டைக்கு சுமார் 400 லிட்டர் வேண்டும். விட்டம் மூன்று மடங்கு சொச்சம்தான், கொள்ளளவோ 35 மடங்கு! ஹீலியம் நிரப்புகிறீர்கள் என்றால், ஒரு பெரிய பலூன் ‘டமார்’ ஆகும்போது 35 சின்ன பலூன்களின் கேஸ் ஒரே நொடியில் போச்சு. இந்தியா பெரும்பாலும் இறக்குமதி செய்யும் வாயு அது. பலூனில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே காலி.

அப்போ எந்த பிராண்டு? டெக்கரேஷன் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் நான்கு. அமெரிக்காவின் குவாலடெக்ஸ், கொலம்பியாவின் செம்பர்டெக்ஸ், இத்தாலியின் ஜெமார், துருக்கியின் காலிசான். குவாலடெக்ஸுக்கு உருண்டையான வடிவம், ஒவ்வொரு பாக்கெட்டிலும் மாறாத நிறம் என்று பெயர். செம்பர்டெக்ஸ் தடிமனுக்கும் அடர்த்தியான நிறத்துக்கும். காலிசான் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் விலைக்காகப் போகிறார்கள், தரம் மோசமில்லை. ஹீலியம் என்றால் முதல் இரண்டில் ஒன்று, வெறும் காற்று என்றால் மற்ற இரண்டில் ஒன்று என்பது நியாயமான தேர்வு.

ஜெமாரில் 31 இன்ச் அளவும் உண்டு. 36 இன்ச்சோடு ஒப்பிட்டால் கேஸ் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம். போட்டோவில் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை ஏனோ யாரும் யோசிப்பதில்லை.

பெயரே இல்லாத பாக்கெட்டுகளில் என்ன பிரச்சினை? அச்சை லேடெக்ஸ் பாலில் முக்கி எடுத்து, சூட்டில் பதப்படுத்தித்தான் பலூன் செய்கிறார்கள். முக்குவது சீராக இல்லை என்றால் ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. சின்ன பலூனில் அது தப்பித்துவிடும். பெரியதில் அந்த மெலிசான இடம்தான் முதலில் கிழியும். இன்னொன்று, அளவில் ஏமாற்று. 30 இன்ச் தாங்கும் பலூனை 36 என்று போட்டு விற்றால், வாங்கியவர் 36 வரும்வரை ஊதிக்கொண்டே இருப்பார். கழுத்துப் பக்கம் புடைத்து பேரிக்காய் மாதிரி ஆகும்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

கண்ணளவை நம்பாதீர்கள். ஒன்பது அடிக் கயிறு ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பலூனின் நடுப்பகுதியை அது சரியாகச் சுற்றி வரும்போது விட்டம் 34 இன்ச்சைத் தாண்டியிருக்கும். அங்கேயே நிறுத்தினால் ரப்பருக்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.

இவ்வளவு பார்த்து வாங்கியும் வெயிலில் வைத்தால் எந்த பிராண்டும் காப்பாற்றாது. ‘சூட்டில் காற்று விரிந்து வெடிக்கிறது’ என்பது பாதி உண்மைதான். 22 டிகிரி ஏசி ஹாலிலிருந்து 40 டிகிரிக்கு வந்தால் கொள்ளளவு சுமார் 6 சதவீதம் கூடும், அவ்வளவே. நேரடி வெயிலில் அடர் நிற பலூன் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகச் சூடேறுகிறது. கூடவே புற ஊதாக் கதிரும் ஓசோனும் ரப்பரைத் தின்கின்றன. பளபளப்பு போய் சாம்பல் பூசினாற்போல் மங்குவது அதனால்தான். கடை வாசலில் வெயில் படத் தொங்கும் பாக்கெட் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். ஒன்று கூடுதலாக வாங்கி, முந்தைய நாளே காற்றடித்து ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

உடைவதைவிடப் பெரிய கவலை, உள்ளே இருக்கும் கேஸ். மலிவாகக் கிடைக்கிறதென்று ஹைட்ரஜன் நிரப்பித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹீலியம் எரியாது. ஹைட்ரஜன் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஓர் அரசியல் நிகழ்ச்சியில் கேஸ் பலூன்கள் தீப்பிடித்து வெடித்ததில் பலர் காயமடைந்தார்கள். கேக்கில் மெழுகுவத்தி எரிய, பக்கத்தில் 400 லிட்டர் ஹைட்ரஜன் நிற்பதை யோசித்துப் பாருங்கள். கேஸ் நிரப்புகிறவரிடம் சிலிண்டரைக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். சரியான பதில் வரவில்லையா, பம்பில் வெறும் காற்று அடித்து ஸ்டாண்டில் கட்டிவிடலாம்.

உடைந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஊதாத பலூனையோ கிழிந்த துண்டையோ வாயில் போட்டால் மூச்சடைக்கும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சிட வேண்டும். பெரிய பலூன் வெடித்தால் துண்டுகள் சோபாவுக்கு அடியில்கூட போய் விழும். பார்ட்டி எவ்வளவு பரபரப்பாக ஓடினாலும் முதலில் அதைப் பொறுக்க ஒரு ஆள் வேண்டும்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு ஒன்று. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரும், எந்த நாட்டில் தயாரானது என்ற விவரமும் விற்பனைப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. அது இல்லாத பக்கத்தில் ‘பிரீமியம் குவாலிட்டி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும், அடுத்ததைப் பார்க்கலாம்.