சேர்வர் வாங்க முதல் பைலை அளந்து பாருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர்க் காசு சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

நமதூர்ச் சங்கமொன்றின் அங்கத்தவர் விபரம், சந்தாக் கணக்கு எல்லாம் பல வருடங்களாக யுனிவேர்ஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இப்போது ஒருவரின் இலக்கத்தை அடித்துவிட்டு விபரம் வரும்வரை காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறதாம். பார்க்க வந்தவர் புது சேர்வர் வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருகிற ஞாயிறு கூட்டத்தில் அதற்குக் காசு ஒதுக்கப் போகிறார்கள். கணினி படிப்பிக்கிற ஆசிரியர் என்ற வகையில் என் கருத்து இதுதான்: அந்தத் தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். முதலில் பைலை அளந்து பாருங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தபாற் கந்தோரில் கடிதம் பிரிக்கிற பெட்டித் தட்டைப் பார்த்திருப்பீர்கள். யுனிவேர்ஸின் ஹாஷ் பைலும் அப்படித்தான். அங்கத்தவர் இலக்கத்தை ஒரு கணக்குக்குள் போட்டு, வருவதைப் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி எத்தனையோ அந்தப் பெட்டியில் பதிவை வைக்கும். பெட்டிக்கு குரூப் என்று பெயர். பெட்டிகளின் எண்ணிக்கை மொடியுலோ. ஒரு பெட்டியின் அளவைச் சொல்வது செபரேஷன். அதை 512 பைட்டால் பெருக்க வேண்டும். செபரேஷன் 4 என்றால் பெட்டி 2048 பைட்.

பெட்டி நிரம்பினால் பதிவு வெளியே விழாது. பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கட்டித் தொங்கவிடும். அது நிரம்பினால் இன்னொன்று. இதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறோம். ஒரு பதிவைத் தேடும்போது அந்த வரிசையை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே போக வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஆரம்பத்தில் 600 பேர், ஒருவருக்கு 300 பைட், மொடியுலோ 101. ஒரு பெட்டிக்கு 6 பேர், தாராளமாகப் போதும். அதே பைலில் 12,000 பேரைப் போட்டால் ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 119 பேர். 2048 பைட் பெட்டிகள் 18 சங்கிலியாகத் தொங்கும். இல்லாத இலக்கமொன்றைத் தேடினால் 119 பேரையும் பார்த்த பிறகுதான் "இல்லை" என்று சொல்லும். புது சேர்வர் வாங்கினாலும் இதே 119 பேரைத்தான் அது வாசிக்கப் போகிறது. கொஞ்ச நாள் வேகமாகத் தெரியும். அங்கத்தவர் கூடக் கூடப் பழைய கதைதான்.

அதற்காக உடனே பெரிதாக்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றிரண்டு பெட்டிகள் மட்டும் வீங்கியிருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். யாரோ ஒருவரின் பதிவு மட்டும் பெரிதாகியிருக்கும். அல்லது இலக்கங்களின் அமைப்பும் ஹாஷ் வகையும் பொருந்தாமல் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கும். பெரும்பாலான பெட்டிகள் நிரம்பி வழிந்தால்தான் மொடியுலோவைக் கூட்டுவதில் அர்த்தமுண்டு. இதைக் காட்ட பைல்.ஸ்டாட் என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஹாஷ்.ஹெல்ப் புது அளவுகளைச் சிபாரிசு செய்யும். ஹாஷ்.டெஸ்ட் பைலைத் தொடாமலே, புது அளவில் எப்படிப் பரவும் என்று காட்டும். இவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை.

"அப்படியென்றால் பத்து மடங்காக்கிவிடுவோம்" என்பதும் பிழை. அங்கத்தவர் பட்டியல் முழுவதையும் எடுக்கும்போது வெற்றுப் பெட்டிகளையும் அது திறந்து பார்க்கும். அளவோடு செய்ய வேண்டும். வளர்ச்சிக்கும் சேர்த்து 15,000 பேர் என்று வைப்போம். 45 இலட்சம் பைட். பெட்டியை 80 வீதம் நிரப்புவதென்றால் ஒன்றுக்கு 1638 பைட். வகுத்தால் 2747 சொச்சம். அதற்கு அடுத்த முதன்மை எண் 2749. முதன்மை எண் ஏன்? மொடியுலோ 100 என்றிருந்து, இலக்கங்களெல்லாம் 00 இல் முடிந்தால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழக்கூடும். 2749 என்றால் இப்போதுள்ள 12,000 பேரும் பெட்டிக்கு நான்கைந்து பேராகப் பிரிந்துவிடுவார்கள்.

"தானாக வளரும் டைனமிக் பைலாக மாற்றினால் என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. யுனிவேர்ஸில் அது 30ஆம் வகை. வழமையாக 80 வீதம் நிரம்பினால் ஒரு குரூப்பைப் பிரிக்கும், 50 வீதத்துக்குக் குறைந்தால் சேர்க்கும். உயர்தர மாணவர்கள் பைத்தனில் படிக்கிற டிக்‌ஷனரியும் இப்படித் தானாகவே பெரிதாகிறதுதான். பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்துக்கு டைனமிக் நல்லது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதையும் அளந்து பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும். பதிவுகள் பெரிதாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் டைனமிக்கும் கைகொடுக்காது.

செய்கிற நாளில் கவனிக்க வேண்டியவை. முதலில் முழு பேக்கப். அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, திறக்கிறது என்று உறுதிப்படுத்துங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம். ரீசைஸ் நடக்கும்போது பழைய பைலும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்கும். டிஸ்க்கில் அதற்கு இடம் வேண்டும். யாரும் உள்ளே வேலை செய்யக்கூடாது. போயா விடுமுறை தோதான நாள். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் கட்டாயம். முன்னரும் பின்னரும் பதிவுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் பேக்கப்புக்குத் திரும்புங்கள்.

நிருவாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். சேர்வர் வாங்கச் சொன்னவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பைல்.ஸ்டாட் பார்த்தீர்களா? எத்தனை குரூப் நிரம்பி வழிகிறது? புது மெஷினில் அது எப்படிக் குறையும்? இவற்றுக்குப் பதிலிருந்து, அளந்த பிறகும் டிஸ்க்தான் பழுது என்று தெரிந்தால், புதிது வாங்குங்கள். நானே கை உயர்த்துவேன். பதிலில்லாவிட்டால் காசோலையில் கையெழுத்து வைக்க வேண்டாம். அந்தக் காசு மாதாமாதம் கூலித் தொழிலாளியும் விதவைத் தாயும் சேர்த்துத் தந்த அமானிதம்.