கைக்குழந்தைக்குக் கிஸ்மிஸ் பழமா?

சந்தைக்குப் போய்த் திரும்பும் குடியானவர் பையில் இப்போதெல்லாம் புளி, மிளகாயோடு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமோ கிஸ்மிஸோ இருக்கிறது. "பிள்ளைக்கு ரத்தம் ஊறட்டும்" என்று வாங்குகிறார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு வாங்கித் தந்த பண்டம், இன்று ஆறு மாதக் குழந்தையின் வாய் வரை வந்துவிட்டது. பிள்ளைக்கு நல்லதாக ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாங்கியதை எந்த வயதில், எந்தப் பக்குவத்தில், எவ்வளவு கொடுப்பது என்பதைப் பொட்டலம் கட்டுகிறவர் சொல்வதில்லை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ரத்தக் கணக்கைப் பார்ப்போம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 பேருக்கு. ஆகவே பெற்றோரின் கவலை வீண் கவலையன்று. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. கொட்டை நீக்கிய ஒரு பேரீச்சம்பழம் ஒரு மில்லிகிராம்கூடத் தராது. எட்டு மில்லிகிராமுக்கு எத்தனை பழம் தின்ன வேண்டும், அதோடு எவ்வளவு சர்க்கரை உள்ளே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம். கிராமச் சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மருந்தோ ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் கொண்டது. வாரத்துக்கு இரு முறை தருவது. அந்தப் புட்டியை மாடத்தில் வைத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை நம்பும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. என் கருத்தில் இது பெரிய பிழை.

வீட்டிலேயே முட்டை இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, பயறு இருக்கிறது. கறி சமைக்கும் நாளில் நன்றாக வெந்த ஈரலை மசித்து ஒரு கரண்டி கொடுத்தால், அதிலுள்ள இரும்பு பழத்தில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். முட்டையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் கிஸ்மிஸ் வாங்கி வருவது குடியானவனுக்குக் கட்டுபடியாகாத வியாபாரம்.

பழத்தை உலர்த்தினால் என்ன ஆகிறது என்பது விவசாயிக்குத் தெரியாததல்ல. ஏறக்குறைய நாலு கிலோ திராட்சை காய்ந்தால் ஒரு கிலோ கிஸ்மிஸ். போனது தண்ணீர், நின்றது சர்க்கரை. எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அது பல்லில் பசையாக ஒட்டிக் கொள்ளும். முளைத்து வரும் பால் பல் சொத்தையாகும். இனிப்பு ருசி கண்ட குழந்தை பருப்புச் சோற்றையும் கீரையையும் துப்பத் தொடங்கும். ஆகவே உலர்ந்த பழத்தைத் தனித் தீனியாக வைத்துக் கொள்ளாமல், உணவோடு சேரும் ஒரு துளி இனிப்பு என்றே கருதுவது நலம். சர்க்கரை, வெல்லத்துக்குப் பதிலாகக் கூழில் ஒரு பழம் மசித்துப் போட்டால் அதில் தவறில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து புரையேறுவது. கைக்குழந்தையின் மூச்சுக்குழல் அதன் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் ஒன்றேகால் வயதுக்குப் பக்கமாகத்தான் முளைக்கத் தொடங்கும். கடைசிப் பல் வர இரண்டரை வயதாகும். அதுவரை குழந்தை கடிக்குமே தவிர அரைக்காது. கிஸ்மிஸ் வழுக்கிக் கொண்டு உள்ளே போகும். ஈரம் பட்டால் ஊதும். பேரீச்சம்பழம் பிசினாக மேலண்ணத்தில் ஒட்டும். அதன் கொட்டையைச் சொல்லவே வேண்டாம். நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை ஆகியவற்றைக் குழந்தைகளின் மூச்சுக்குழலிலிருந்து மருத்துவர்கள் எடுப்பது நம் நாட்டில் வழக்கமாக நடப்பது. கிஸ்மிஸும் அந்த வரிசையில் வைக்க வேண்டிய பண்டமே.

நம் வீடுகளில் இந்த ஆபத்து இரட்டிப்பு. தாய் களை எடுக்கப் போகிறாள். வரப்பு மரத்தடியில் ஏழெட்டு வயது அக்காளின் இடுப்பில் தம்பி. அழுதால் கொடு என்று நாலு கிஸ்மிஸை அவள் பாவாடை முடிச்சில் கட்டிவிடுகிறோம். அழுகிற வாயில் அந்தச் சிறுமி ஒன்றைத் திணிக்கிறாள். அழுகையில் மூச்சை உள்ளே இழுக்கும்போதுதான் பழமும் உள்ளே போகும். குற்றம் அந்தச் சிறுமி மேல் இல்லை. நாலு வயது நிறையும் வரை முழுக் கிஸ்மிஸ், முழுப் பேரீச்சை, முழு அத்தி எதையும் குழந்தை கையில் தர வேண்டாம். வீட்டில் மூத்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

புரையேறிய குழந்தை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். தண்ணீர் ஊற்றுவது, தொண்டைக்குள் கண்மூடித்தனமாக விரலை விடுவது இரண்டும் கூடாது. இருமலும் அழுகையும் நின்று முகம் நீலம் பாய்ந்தால் காத்திருக்க நேரமில்லை. ஒருவர் 108க்குச் சொல்ல, மற்றவர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் நடுவே ஐந்து முறை அமுக்க வேண்டும். அடைப்பு விலகும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளையானால் முதுகில் ஐந்து தட்டுக்குப் பின், பின்புறமிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துக. குழந்தை நினைவிழந்தால் நெஞ்சழுத்தமும் செயற்கை மூச்சும் தேவைப்படும். 108ல் பேசுகிறவர் சொல்கிறபடி செய்க. ஒருமுறை புரையேறி அடங்கிய குழந்தைக்கு இருமலோ மூச்சிரைப்போ தொடர்ந்தால் சளி என்று கஷாயம் வைத்துக் கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கொண்டு போவதே முறை.

சரி, எப்படிக் கொடுப்பது? ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே. மலம் இறங்கவில்லை என்று ஒரு மாதக் குழந்தைக்குக் கிஸ்மிஸ் ஊறிய தண்ணீர் புகட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. பழத்தின் தூசியும் கிருமியும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். இந்த வழக்கத்தை விடுவது நல்லது. ஆறு மாதத்துக்குப் பின், கஞ்சி, பருப்புச் சோறு, கூழ் எல்லாம் பழகிய பிறகு, ஒரு பேரீச்சம்பழத்தைக் கழுவி, கொட்டையை எடுத்து, கொதித்த நீரில் மிருதுவாகும் வரை ஊற வைக்கவும். மேல்தோலை உரித்து எறியுங்கள். காகிதம் போன்ற அந்தத் தோல் தொண்டையில் ஒட்டும். கையால் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, திப்பி இல்லாமல் எடுத்து, கேழ்வரகுக் கூழில் அரைத் தேக்கரண்டி கலந்து கொடுக்கலாம். மூன்று நாள் வேறு புதுப் பண்டம் எதுவும் சேர்க்காமல் பார்த்து, வயிற்றுப்போக்கோ தடிப்போ இல்லையென்றால் தொடரலாம். தினமும் வேண்டியதில்லை. மீந்த விழுதை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊறிய பழத்தைப் பொடிப் பொடியாக நறுக்கிச் சோற்றில் கலக்கலாம். உட்கார்ந்து தின்ன வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தேனில் ஊறிய அத்தி, தேன் நெல்லி, தேன் பேரீச்சை ஒரு வயது முடியும் வரை அறவே கூடாது. சுத்தமான தேனிலும் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் வித்து, சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சு கக்கித் தசைகளை முடக்கிவிடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிற பாட்டிமார்கள் வருத்தப்படுவார்கள். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மராட்டியத்தின் சாங்லி, நாசிக் பக்கத்திலிருந்துதான் நமக்குக் கிஸ்மிஸ் வருகிறது. பொன்னிறம் மங்காதிருக்கக் கந்தகப் புகை காட்டுவது உண்டு. ஈளை உள்ள பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாது. நிறம் மங்கிய பழுப்புப் பழம் பார்வைக்கு மட்டமாயிருந்தாலும் பிள்ளைக்கு அதுவே மேல். எதுவானாலும் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவியே ஊற வைக்க வேண்டும்.

நம் தோட்டத்தில் விளைவதையே உலர்த்தலாமே என்று கேட்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையில் விதை உண்டு. அது குழந்தைக்கு ஆகாது. ஆனால் வாழை இருக்கிறது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்துக் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுப்பது பழைய வழக்கம். தொண்டையில் சிக்கும் பேச்சே அதில் இல்லை. காயைத் தோல் சீவி மெல்லிசாக நறுக்கி, உயரமான கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, மேலே மெல்லிய துணி மூடி, நல்ல வெயிலில் ஒடித்தால் மளுக்கென்று முறியும் வரை காய விட வேண்டும். தார்ச்சாலை ஓரம் வேண்டாம். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இடித்துச் சலித்த மாவில் இரண்டு கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் கொதிக்கக் காய்ச்சினால் ஒரு வேளை உணவு ஆயிற்று. இதிலும் இரும்பு அதிகமில்லை. முட்டைக்கும் பயறுக்கும் இது ஈடாகாது. விற்க நினைக்கும் மகளிர் குழுவினர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொண்டு இறங்குவது நல்லது.

மாவையும் பழத்தையும் ஈரமில்லாத, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். பூசணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும். வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் போடவும் வேண்டாம், எருக்குழியில் கொட்டுங்கள். பூசண நஞ்சு கறவையின் பாலிலும் இறங்கும்.