இங்கிலாந்தின் ஊர்ச்சபையும் ஊரார் உரிமையும்

பேரரசுகளின் பெருமையைப் பேசுவோர் பலர். சிற்றூர்ச் சபையின் செயலைக் கவனிப்போர் சிலர். எனினும், ஒரு நாட்டில் மக்களாட்சி மெய்யாகவே வேரூன்றியுள்ளதா என அறிய விரும்புவோர் அந்நாட்டின் ஊர் மண்டபத்துக் கதவைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அக்கதவு இன்று எந்நிலையில் உள்ளது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1894ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே ஊர்க் காரியம் என்பது கோவிற்பற்றுக் காரியமாகவே இருந்தது. பாதிரியாரும் நிலக்கிழாரும் கூடி முடிவு செய்வர். கூலியாள் கைகட்டி நிற்பான். கிளாட்ஸ்டனின் அரசு அவ்வாண்டில் நிறைவேற்றிய உள்ளூராட்சிச் சட்டம் ஊரின் பொதுக் காரியங்களைத் தேவாலயத்தினின்றும் பிரித்து, மக்கள் தெரிந்தெடுக்கும் சபையிடம் ஒப்படைத்தது. தகுதியுடைய பெண்கள், மணமானவராயினும், வாக்களிக்கவும் அங்கத்துவம் பெறவும் அச்சட்டம் வழி திறந்தது. பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க அதன் பின் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. உரிமையின் விளக்கு முதலில் ஊரிலேயே ஏற்றப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 ஊர், நகரச் சபைகள் உள. அவற்றின் அதிகாரம் சிறிது. பஸ் தரிப்பிடம், தெருவோர இருக்கை, தெருவிளக்கு, இடுகாடு, விளையாட்டுத் திடல் ஆகியனவே அவற்றின் அன்றாட அலுவல். தமக்கு வேண்டிய பணத்தை அவை நிர்ணயித்து அறிவிக்க, எமது சோலைவரியை ஒத்த வீட்டுவரியுடன் சேர்த்து மேற்சபை அதனை அறவிட்டுக் கொடுக்கும். கமக்காரரின் கருத்துக்குரிய ஏற்பாடு ஒன்றும் உண்டு: 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊரிலுள்ள வாக்காளர் அறுவர் எழுத்தில் கேட்பின், பயிர்செய்யத் தோட்டத் துண்டுகள் வழங்குதல் பற்றிச் சபை ஆலோசித்தே ஆகவேண்டும். தேவை உண்டெனக் கண்டால் அவற்றை வழங்குவது அதன் கடமையாகும்.

ஆயினும் இச்சபையின் சிறப்பு அது செய்யும் வேலையினும் ஊரார் அதன்மீது கொண்டுள்ள பிடியிலேயே தங்கியுள்ளது என்பது எமது துணிபு. கூட்டம் நடைபெற மூன்று முழு நாட்களுக்கு முன்னர் பகிரங்க அறிவித்தல் ஒட்டப்படல் வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களும் பத்திரிகையாளரும் கூட்டத்தில் அமர்ந்து கேட்கும் உரிமையை நிலைநாட்டிற்று. ஆண்டுதோறும் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் வாக்காளர் அனைவரின் கூட்டம் ஒன்று கூட்டப்படல் வேண்டும்; வேறு வேளைகளிலும் வாக்காளர் அறுவர் சேர்ந்து அத்தகைய கூட்டத்தைக் கூட்டலாம். கணக்குப் புத்தகங்கள் 30 வேலை நாட்களுக்கு ஊராரின் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். தமது சொந்தப் பணநலனைத் தக்க காரணமின்றி மறைக்கும் அங்கத்தவர் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாவார். சட்டம் தரக்கூடிய காவல் இதனிலும் அதிகம் எது?

குறையும் இல்லாமல் இல்லை. ஊர் எல்லையிலுள்ள வயலில் நூறு வீடுகள் எழும்ப வேண்டுமா என்ற கேள்வி வரும்போது, ஊர்ச்சபை கருத்துக் கூறலாம். தீர்ப்புக் கூற இயலாது. தீர்மானிப்பது மேற்சபையே. கேட்கப்படும் உரிமை வேறு, முடிவெடுக்கும் உரிமை வேறு. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஊரவர் தாமே தம் பகுதிக்குத் திட்டம் வகுத்து, வாக்கெடுப்பால் அதை உறுதிசெய்ய இடமளித்தது. கம்பிரியா மாநிலத்து மேல் ஈடன் பகுதி மக்கள் 2013இல் அவ்வாறு வாக்களித்து முதல்வராயினர். இது நன்று.

“ஊராரிடம் விட்டால் ஒரு வீடும் கட்டவிடார்” என்பார் சிலர். அவ்வச்சத்தில் ஓரளவு உண்மை உண்டு. புதிய வீடு வேண்டவே வேண்டாம் என்று அடம் பிடிக்கும் ஊர், தன் பிள்ளைகளை நகரத்துக்குத் துரத்தித் தன் பள்ளிக்கூடத்தைத் தானே மூடுகின்றது. ஆனால், எங்கே கட்டுவது, யாருக்காகக் கட்டுவது என்பதை மழைக்காலத்தில் எந்த வயலில் வெள்ளம் நிற்கும் என்று அறிந்தவனிடம் கேளாது வேறு யாரிடம் கேட்பது?

இக்கேள்வி இன்று முன்னிலும் கூர்மை பெற்றுள்ளது. 2024 டிசம்பரில் பிரித்தானிய அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, இரண்டு அடுக்குச் சபைகள் உள்ள இடங்களில் அவற்றை நீக்கி, பொதுவாக 5 இலட்சமோ அதற்கு மேலோ மக்களைக் கொண்ட ஒற்றைச் சபைகளை அமைக்கும் நோக்கத்தைக் கூறிற்று. சிக்கனம் என்பது காரணம். சிக்கனம் வேண்டியதே. ஆனால் மேற்சபை ஊரினின்றும் விலகிச் செல்லச் செல்ல, ஊரானுக்கு எட்டுவது ஊர்ச்சபை ஒன்றே. ஆகவே, வீடமைப்பு விடயத்தில் அதன் சொல்லுக்குக் கூடிய வலுவளித்தல் நீதியாகும்.

இனி ஊரவரின் கடனைக் கூறுவோம். பல ஊர்களில் போட்டியின்றியே அங்கத்தவர் தெரிவாகின்றனர். ஆசனம் வெறுமையானால் இருப்போரே ஒருவரைச் சேர்த்துக்கொள்கின்றனர். செஷயர் பகுதியின் ஹான்ட்போர்த் சபை 2020 டிசம்பரில் இணையவழி நடத்திய கூட்டத்தின் கூச்சல், 2021 பெப்ரவரியில் உலகெங்கும் நகைப்பை விளைத்தது. நகைத்தோருள் எத்தனை பேர் தம் ஊர்ச்சபை கூடும் நாளை அறிவர்?

எமது தீவில் கிராம சபைகள் 1981இல் ஒழிக்கப்பட்டன. பின்னர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பிரதேச சபை பல கிராமங்களுக்குப் பொதுவானது. தனிக் கிராமத்துக்கெனத் தெரிவு செய்யப்பட்ட சபை மீளவில்லை. இழந்தவருக்கே அதன் பெறுமதி தெரியும். ஆதலின் ஆங்கில ஊரவர்க்கு நாம் கூறுவது இதுவே: கையிலுள்ள மண்வெட்டியைத் தாழ்வாரத்தில் துருப்பிடிக்க விட்டவன், களை மண்டியதென்று அழுவதிற் பயனில்லை. ஊர் மண்டபத்தின் கதவைச் சட்டம் திறந்து வைத்துள்ளது. உள்ளே சென்று அமர வேண்டியவர் ஊராரே.