தறிக்காரரின் வரலாறு

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி, ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த தலம் என்பது பக்தர்களுக்குத் தெரியும். ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்பதும் தெரியும். இந்த வட்டாரத்துத் தறிக்காரரின் வரலாறு தெரிந்தவர்கள்தான் குறைவு. அதைத் தேடி எழுதியவர் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜயா ராமசாமி. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றி 1985-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலைத் தொடாமல் இத்துறையில் யாரும் பேச முடியாது. பல்லக்கேறவும் சங்கு ஊதவும் காஞ்சியின் நெசவாளர் சமூகமான கைக்கோளர் பெற்றிருந்த உரிமை, விஜயநகர காலத்தில் பிற ஊர்க் கைக்கோளருக்கும் கிடைத்ததைக் கல்வெட்டுகளைக் கொண்டு விளக்கினார். தறிக்காரர் கோயிலுக்குக் கொடை கொடுத்தார்கள். வரிச்சுமை தாங்காதபோது ஊரைவிட்டே வெளியேறினார்கள். கூலிக்கு நெய்தவர்கள் என்ற ஒற்றை வரியில் அடங்குகிற கூட்டமல்ல அது. கல்வெட்டோடு நிற்காமல் நெசவாளரின் பாட்டையும் குலக்கதையையும் சான்றாக ஏற்றதே அவருடைய பெரும் பங்களிப்பு என்போம்.

2020-இல் அவர் மறைந்தார். அவருடைய தேடல் தொடர வேண்டுமானால் சில வேலைகள் நடக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களை நெசவுத் தெருக்களுக்கு அனுப்பி, பாவு போடும்போது பாடிய பாட்டுகளை முதியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். திருப்பணியின் பெயரால் கல்வெட்டுகள் மீது சுண்ணாம்பு பூசுவதை அறநிலையத் துறை அடியோடு நிறுத்த வேண்டும்.