சோறும் சாப்பாவும்

மேற்குக் கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்திருக்கிறது தோப்பும்படி. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்களின் ஆழ்கடல் விசைப்படகுகளும் கரையணைகின்றன. ஆகவே அந்த மண் தமிழ் உழைப்பாளிகளுக்கு அந்நியமானதன்று. 1953 செப்டம்பர் 15 அன்று, போராடிய துறைமுகத் தொழிலாளர்கள் மீது மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய தோழர்கள் குண்டுக்குப் பலியாயினர். போலீசாரின் சித்திரவதையால் ஆண்டனி உயிர் நீத்தார்.

அவர்கள் எதிர்த்தது ‘சாப்பா’ முறையை. விடியலில் வேலை தேடித் திரளும் கூட்டத்தின் நடுவே மேஸ்திரி உலோக வில்லைகளை வீசியெறிவான். வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை; கிடைக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஒரு வில்லைக்காக உழைப்பாளிகள் தங்களுக்குள் முட்டி மோதிக்கொள்வார்கள். தியாகிகள் கூடுதல் வில்லைகளைக் கேட்கவில்லை. வில்லையே கூடாது, வேலைக்கு உறுதி வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் தியாகத்தின் எழுபதாவது ஆண்டான 2023இல், அதே கேரள மண்ணில் எழுந்த மற்றொரு கேள்வியை நாம் பேசியாக வேண்டும். ஏழைக்குச் சோறிடும் மக்கள் உணவகங்களுக்கான மானியம் பற்றிய கேள்வி அது.

பசியற்ற கேரளம் என்ற இலக்கோடு 1000 மக்கள் உணவகங்கள் திறக்கப்படும் என 2020ஆம் ஆண்டு பட்ஜெட்டில் இடது ஜனநாயக முன்னணி அரசு அறிவித்தது. அடுத்து வந்த ஊரடங்கில் உள்ளாட்சிகள் சில நாட்களிலேயே சமூகச் சமையலறைகளைத் திறந்தன. அந்த அனுபவத்தின் மீதே குடும்பஸ்ரீ பெண்கள் ஏறத்தாழ 1200 உணவகங்களை எழுப்பினர். சாப்பாடு 20 ரூபாய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு மானியம் 10 ரூபாய். அரிசி கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு வழங்கப்பட்டது. உள்ளாட்சிகள் இடம், தண்ணீர், மின்சாரம் தந்து துணை நின்றன. கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எர்ணாகுளத்தில் ‘சம்ருத்தி’ உணவகத்தைத் திறந்து 10 ரூபாய்க்கே சாப்பாடு வழங்கத் தொடங்கியது. இவை நாடே திரும்பிப் பார்த்த சாதனைகள்.

ஆனால் மானியம் கைக்கு வந்த வழியை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 சாப்பாடு போடும் ஓர் உணவகத்தைக் கொள்வோம். அதற்கு வரவேண்டிய மானியம் நாளுக்கு 2000 ரூபாய். 25 வேலை நாட்களுக்கு 50,000 ரூபாய். ஆறு மாதம் நிலுவை நின்றால் 3 லட்சம். மளிகைக் கடையோ எரிவாயு முகவரோ ஆறு மாதம் பொறுப்பதில்லை. விற்ற சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெண்கள், கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் உலை வைக்க வேண்டியிருந்தது. பல மாவட்டங்களில் மாதக்கணக்கில் நிலுவை சேர்ந்திருந்த நிலையில், 2023 ஆகஸ்ட் மாதம் அந்த 10 ரூபாய் மானியமே நிறுத்தப்பட்டது. சாப்பாட்டின் விலை 30 ரூபாயாக உயர்ந்தது.

கேரளத்தின் கடன் வரம்பை வெட்டி அதன் கழுத்தை நெரிக்கும் ஒன்றிய அரசே இதில் முதல் குற்றவாளி. இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை. அதே வேளையில், நெருக்கடியின் முதல் சுமை சமையற்கட்டில் நிற்கும் பெண்ணின் தோளில் இறங்கியது சரியல்ல என்பதையும் தோழமையோடு சொல்லியாக வேண்டும். நம்முடைய அரசு எடுத்த முடிவு என்பதாலேயே சொல்ல வேண்டும்.

நோயின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 2011இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட உணவுப் பாதுகாப்பு மசோதாவில், ஆதரவற்றோருக்கு இலவச உணவும் வீடற்றோருக்குச் சமூகச் சமையலறையில் மலிவு விலை உணவும் உரிமையாக எழுதப்பட்டிருந்தன. 2013இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பகுதி காணாமற்போனது. அதே 2013இல் வந்த கம்பெனிகள் சட்டமோ, பசி ஒழிப்பைப் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவினங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஒரு சட்டத்திலிருந்து உரிமையாக வெளியேற்றப்பட்ட சோறு, மறு சட்டத்தின் வழியே தானமாக உள்ளே நுழைந்தது. சமூகச் சமையலறைகளுக்கு நாடு தழுவிய திட்டம் வகுக்குமாறு 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியும் ஒன்றிய அரசிடமிருந்து திட்டம் எதுவும் வரவில்லை.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறொரு பாடம் சொல்கிறது. 1982 முதல் நடைபெறும் சத்துணவுத் திட்டத்துக்காக எந்தத் தலைமையாசிரியரும் ஆண்டுதோறும் நிதி கேட்டு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பதில்லை. அது பட்ஜெட்டில் நிலைபெற்ற செலவு. ஆட்சிகள் மாறியும் அது நின்றது. மதுரையில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆயினும் சமைக்கும் கைகளுக்கு உரிய ஊதியம் இங்கும் கிடைத்துவிடவில்லை. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டு வீதியில் இறங்கிப் போராடிவந்துள்ளனர்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மக்கள் உணவகங்களுக்கு நிலுவை எஞ்சியிருந்தால் அது முழுவதும் உடனே வழங்கப்பட வேண்டும். மானியம் மீட்கப்பட்டு, காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாக உள்ளாட்சிகளின் வழியே கைக்குச் சேர வேண்டும். சமைப்போருக்குக் குறைந்தபட்ச ஊதியம் உறுதியாக வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சமூகச் சமையலறை உரிமையாக எழுதப்பட வேண்டும். அதன் செலவில் ஒன்றிய அரசு பங்கேற்க வேண்டும்.

அதுவரை விண்ணப்பங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஒருவர் வயிற்றை நிரப்பும். ஆனால் குழுக்கள் தனித்தனியே மனுவோடு அலைந்து, ஒன்றுக்கொன்று போட்டியிடும் நிலை கூடாது. ஒரு வட்டாரத்தின் குழுக்கள் சேர்ந்து கணக்கு வைக்கட்டும், சேர்ந்து விண்ணப்பிக்கட்டும், நிலுவைக்கும் சேர்ந்தே குரல் எழுப்பட்டும். அந்தப் பணியில் நம் தோழர்கள் உடன் நிற்க வேண்டும்.

மட்டாஞ்சேரியின் தொழிலாளர்கள் வில்லைக்காகத் தங்களுக்குள் மோத மறுத்து ஒன்றுபட்டார்கள். மானியத்தை எதிர்பார்த்து அடுப்பு மூட்டும் பெண்களுக்கும் வழி அதுவே.